பேரலையை அசைத்தல்: ஹொகுசாயின் அச்சுப் படம் 32 ஃபிரேம்களாக மாறிய விதம்

ஜப்பானிய ஓவியர் கட்சுஷிகா ஹொகுசாய் 1831 வாக்கில் வரைந்தளித்த ‘கனகாவா பேரலை’ என்ற படத்தைக் கோப்பையிலோ துணிப்பையிலோ கைப்பேசி உறையிலோ பார்த்திராதவர்கள் குறைவு. இடப்புறம் வானத்தை மறைத்து எழுந்து, கொக்கி கொக்கியான நுரையோடு கவிழக் காத்திருக்கும் அலை. அதன் பிடியில் மூன்று படகுகள். படகுகளில் குனிந்து ஒடுங்கிய துடுப்புக்காரர்கள். அலைகள் விட்ட இடைவெளியில், வெகுதொலைவில், சின்னஞ்சிறியதாக ஃபியூஜி மலை.

இந்தப் படத்தை, ஓவிய வகுப்பு ஒன்றின் திரையில் ஓயாமல் சுழலும் அசைபடமாக மாற்றிய வேலையின் முழுக் குறிப்பு இது. தேவைகள் எளியவை. ஒலி வேண்டாம். எந்தப் பழைய கணினியிலும் தனி மென்பொருள் இல்லாமல் ஓட வேண்டும். மாணவர்களே பிறகு வீட்டில் செய்து பார்க்க முடிய வேண்டும். ஆகவே கோப்பு வகை ஜிஃப் என்றும், கருவி விலையில்லாமல் கிடைக்கும் படத்தொகுப்பு மென்பொருளான கிம்ப் என்றும் தொடக்கத்திலேயே முடிவானது. நானாகச் சேர்த்துக்கொண்ட நிபந்தனை ஒன்று உண்டு: சுழற்சியின் முதல் ஃபிரேம் ஹொகுசாயின் படமாகவே இருக்க வேண்டும். அசல் அச்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கு வேறுபாடு தெரியக் கூடாது. அந்த ஒரு நிபந்தனைதான் பின்னால் வந்த ஒவ்வொரு கணக்கையும் தீர்மானித்தது.

நிலைப்படத்தை அசைய வைப்பதில் அசைவுக்கென்று செலவாகும் உழைப்பு சொற்பம். எது அசையக் கூடாது என்று முடிவு செய்வதிலும், அசையும் பொருள் இதுவரை மறைத்திருந்த இடத்தை வரைந்து நிரப்புவதிலும்தான் வேலையின் பெரும்பகுதி போகிறது. பயிற்சிக் குறிப்புகள் பலவும் இந்த இரண்டையும் ஓரிரு வரியில் கடந்து போவதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அசலே அடுக்குகளால் ஆனது

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் தன்னிடமுள்ள, உரிமைக் கட்டுப்பாடு இல்லாத படைப்புகளின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. பேரலையின் அச்சுப்பிரதி ஒன்றும் அதில் அடங்கும். அதன் பெரிய அளவுக் கோப்பையே எடுத்துக்கொண்டேன். தாளின் அளவு 25.7 செ.மீ. உயரம், 37.9 செ.மீ. அகலம். நம் பள்ளி நோட்டுப் புத்தகத்தை விரித்துவைத்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். இவ்வளவு சிறிய தாளில் அவ்வளவு பெரிய கடல் அடங்கியிருப்பது எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்புத்தான்.

இது தூரிகை ஓவியம் இல்லை, மரக்கட்டை அச்சு. ஓவியர் மெல்லிய தாளில் கோடுகளை வரைந்து தருவார். அந்தத் தாளைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகள் மட்டும் மேடாக நிற்கும்படி செதுக்குநர் குடைந்தெடுப்பார். அது மூலக்கட்டை. பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பரப்பு. ஒரே தாள் இத்தனை கட்டைகள்மேலும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிய வேண்டும். தாள் இம்மியும் விலகாமல் உட்காருவதற்காகக் கட்டையின் ஓரத்தில் செதுக்கும் அடையாளத்துக்குக் கென்டோ என்று பெயர். கென்டோ தவறினால் கோடு ஓரிடத்திலும் நிறம் ஓரிடத்திலுமாக விழுந்து பிரதி பாழாகும்.

ஆக, 1831இன் அச்சுக்கூடத்தில் பேரலை ஏற்கெனவே அடுக்குகளாகத்தான் பிறந்தது. கணினியில் நாம் செய்வது அந்த அடுக்குகளை மறுபடியும் பிரித்து, அச்சுக்காரர்கள் அஞ்சிய விலகலை வேண்டுமென்றே, அளவாக, திரும்பி வரும்படி உண்டாக்குவது. ஆனால் அவர்களுடைய அடுக்குகள் நிறத்தால் பிரிந்தவை. நமக்கு வேண்டிய அடுக்குகளோ பொருளால் பிரிய வேண்டும். படகு ஒன்று, அலை ஒன்று, வானம் ஒன்று. இந்த வேறுபாடுதான் வெட்டும் வேலையைக் கடினமாக்கியது.

எது அசைய வேண்டும்

நிலைப்படத்தை உயிர்ப்பிக்க வழக்கமாகச் சொல்லப்படும் வழி, முன்புறம், நடுப்புறம், பின்புறம் என்று மூன்றாகக் கிழித்து, வெவ்வேறு வேகத்தில் பக்கவாட்டில் நகர்த்துவது. நிலப்பரப்பின் புகைப்படத்துக்கு அது ஒத்துவரும். பேரலைக்கு ஒத்துவராது. படகுகள் அலைகளுக்கு முன்னால் இல்லை, உள்ளே இருக்கின்றன. ஒரே படகின் பின்னால் ஓர் அலை, அதன் அடிப்பாகத்தை மறைத்து முன்னால் இன்னோர் அலை. மூன்றாகக் கிழித்தால் படகு தண்ணீரின்மேல் ஒட்டிய அட்டை ஆகிவிடும்.

பேரலை என்ன ஆவது என்பது அடுத்த கேள்வி. அதை விழவைக்கலாம், பலர் விழவைத்தும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தப் படத்தின் உயிரே அலை இன்னும் விழவில்லை என்பதில் இருக்கிறது. அது விழுந்த நொடியில் கேள்விக்கு விடை கிடைத்துவிடும், பார்ப்பவர் நகர்ந்துவிடுவார். எனவே அலையின் உடல் அசையாது என்று முடிவு செய்தேன். அதன் நுரை நுனிகள் மட்டும் சற்றே மடங்கி மீளும்.

ஃபியூஜி அசையாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முன்புறம் கூர்ந்து எழும் சிறிய அலையும் அசையாது. அந்த அலையின் வடிவம் தொலைவில் தெரியும் மலையின் வடிவத்தை அப்படியே ஒத்திருக்கும். ஹொகுசாய் இரண்டையும் ஒரே தாளில் வைத்துக் கண்ணை அங்கும் இங்கும் போய்வரச் செய்கிறார். முன்னலை ஆடினால் அந்த ஒப்பு கலைந்துவிடும். துடுப்புக்காரர்களையும் தனித்தனியாக அசைக்கவில்லை. அவர்கள் படகை இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள், படகு போகிற போக்கில்தான் போவார்கள். மேலே இடப்புறம் உள்ள தலைப்புக் கட்டமும் அதையடுத்த கையொப்பமும் கடலின் பகுதி அல்ல, தாளின் பகுதி. அவையும் அப்படியே.

எஞ்சியவை மூன்று: படகுகள், நுரை நுனிகள், அலையிலிருந்து தெறித்து வானத்தில் சிதறியிருக்கும் வெண்புள்ளிகள். ஃபியூஜியின் மேல் பனி பொழிவதைப் போன்ற மயக்கத்தைத் தரும் அந்தப் புள்ளிகளை அசைக்காமல் விட மனம் வரவில்லை.

வெட்டுதல்

வேலைக்கான அகலம் 1600 பிக்சல், உயரம் 1085. இறுதிக் கோப்பு அதில் பாதி அளவுதான், 800க்கு 542. இரட்டை அளவில் வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. சிறிய அசைவுகளில் ஒரு பிக்சல் தாவலே கண்ணை உறுத்தும். பெரிய அளவில் ஒரு பிக்சல் நகர்த்திப் பிறகு பாதியாகச் சுருக்கினால், அந்தத் தாவல் அரைப் பிக்சலாகக் கரைந்து போகும்.

நிறத்தைத் தொட்டுத் தேர்வு செய்யும் கருவிகள் இங்கே கைகொடுப்பதில்லை. இந்தப் படத்தின் கோடுகள் கருப்பு மையில் இல்லை, நீலத்தில் உள்ளன. அலையின் மடிப்புகளில் ஓடும் பட்டைகளும் அடர் நீலம். ஐரோப்பாவிலிருந்து வந்த பிரஷ்ய நீலம் அப்போது ஜப்பானிய அச்சுக்காரர்களிடம் பெருகியிருந்த காலம், அதன் பல அடர்த்திகளை வைத்தே ஹொகுசாய் கடலைக் கட்டியிருக்கிறார். கோட்டைத் தொட்டால் பாதி அலையும் சேர்ந்து தேர்வாகும். அதனால் புள்ளி புள்ளியாக வைத்து எல்லைக்கோடு வரைய உதவும் பாத் டூலை எடுத்து, ஒவ்வொரு படகின் விளிம்பையும் நுரையின் ஒவ்வொரு கொக்கியையும் கையால் சுற்றி வந்தேன். பொறுமை கேட்கும் வேலைதான். ஆனால் ஒரு கோட்டை இத்தனை நெருக்கத்தில் பின்தொடரும்போது, செதுக்குநரின் கத்தி எங்கே திரும்பியது, எங்கே நின்றது என்பதெல்லாம் தெரிய வரும்.

வெட்டும்போது விடாமல் கடைப்பிடித்த விதி இது: பொருளைச் சுற்றியுள்ள கோடு பொருளோடு போக வேண்டும், பின்னணியில் தங்கக் கூடாது. பாத்தைக் கோட்டின் வெளி விளிம்பில் ஓட்டி, தேர்வின் ஓரத்தை ஒரு பிக்சல் மட்டும் மென்மையாக்கி, புதிய லேயருக்கு, அதாவது தனி அடுக்குக்கு, மாற்ற வேண்டும். கோட்டின் துணுக்கு கீழ் லேயரில் எஞ்சினால், படகு நகர்ந்ததும் பழைய இடத்தில் ஒரு நிழற்கோடு நிற்கும். பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது, ஆனால் படம் போலி என்பது தெரிந்துவிடும்.

கடைசியில் லேயர்கள் கீழிருந்து மேலாக இப்படி அமைந்தன. அடியில் வானமும் ஃபியூஜியும். அதன்மேல் தெறித்த புள்ளிகள். பிறகு பேரலையின் உடல், அதன்மேல் நுரை நுனிகள். அடுத்து ஒவ்வொரு படகுக்கும் பின்னலை, படகு, முன்னலை என்று மும்மூன்று. எல்லாவற்றுக்கும் மேலே தலைப்புக் கட்டம். வலது ஓரத்துப் படகு ஓரளவு திறந்து கிடக்கிறது, மற்ற இரண்டையும் அலைகள் பாதிக்குப் பாதி விழுங்கியிருக்கின்றன. அவற்றுக்கு முன்னலை லேயர் கட்டாயம் வேண்டும்.

மறைந்திருந்த கடல்

படகை வெட்டி எடுத்ததும் அது இருந்த இடத்தில் ஓட்டை. அதை முழுவதும் நிரப்பத் தொடங்கினால் ஹொகுசாய் வரையாத கடலை நாமே வரைய வேண்டிவரும். அது தேவையும் இல்லை, முறையும் இல்லை. படகு எவ்வளவு நகருமோ அவ்வளவுக்குத்தான் பின்னணி வெளியே தெரியும்.

எவ்வளவு நகரும்? இங்கேதான் முதல் ஃபிரேம் நிபந்தனை வேலை செய்கிறது. மூன்று படகுகளும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கினால் கடல் ஒரு பலகையாகத் தோன்றும். ஒன்றுக்கொன்று முன்பின்னாக ஆட வேண்டும். ஆனால் முதல் ஃபிரேமில் மூன்றும் அசலில் உள்ள இடத்திலேயே இருந்தாக வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தீர்க்க ஒரு வழி உண்டு. முதல் படகுக்கு அசல் இடம் ஆட்டத்தின் நடு. அது மேலே 12 பிக்சல், கீழே 12 பிக்சல் போய்வரும். இரண்டாவதற்கு அசல் இடமே உச்சி. அங்கிருந்து 24 பிக்சல் இறங்கி மீளும். மூன்றாவதற்கு அசல் இடமே அடி. 24 பிக்சல் ஏறி மீளும். மூன்றின் வீச்சும் ஒன்றே, தொடங்கும் இடம் மட்டும் வேறு. எல்லாம் இரட்டை அளவில் சொன்ன கணக்கு, இறுதிக் கோப்பில் பாதி.

இதற்குமேல் ஒவ்வொரு படகும் 1 பாகை சாயும். 500 பிக்சல் நீளமுள்ள படகை அதன் நடுவை அச்சாக வைத்து 1 பாகை சாய்த்தால் முனை 4 பிக்சலுக்குச் சற்று மேல் நகரும். ஆக, முதல் படகின் விளிம்புக்கு உள்ளே ஏறக்குறைய 16 பிக்சல் வரை பின்னணி வெளிப்படலாம். கொஞ்சம் கூடுதலாக 24 பிக்சல் அகலத்துக்கு ஒரு நாடாவை மட்டும் நிரப்பினேன். இரண்டாவது படகு கீழே மட்டும் இறங்குவதால், அதன் மேல் விளிம்பை ஒட்டிய பகுதியை மட்டும் நிரப்பினால் போதும். மூன்றாவது மேலே மட்டும் ஏறுவதால், வேறு வகையான சிக்கல்: முன்னலை மறைத்திருந்த படகின் அடிப்பாகம் வெளியே எட்டிப் பார்க்கும். அந்த அடிப்பாகம் படத்தில் எங்குமே இல்லை. வலது ஓரத்துப் படகின் மரப் பக்கவாட்டைப் பார்த்து, அதே மஞ்சளும் அதே கோட்டுத் தடிமனுமாக 30 பிக்சல் ஆழத்துக்கு வரைந்து சேர்த்தேன். இந்த ஆய்வில் நான் புதிதாக வரைந்த ஒரே பொருள் அதுதான்.

நிரப்புவதற்குக் க்ளோன் டூல், ஹீல் டூல் இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டுக்கும் இடம் வேறு. ஹீல் டூல் சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து மென்மையாக்கும். வானத்துக்கு அது பொருந்தும். அலையின் பட்டைகளில் அதை ஓட்டினால் அடர் நீலமும் வெளிர் நீலமும் கலந்து சேறாகிவிடும். அங்கே ஓரிடத்தில் உள்ளதை இன்னோரிடத்தில் அப்படியே படியெடுக்கும் க்ளோன் டூல்தான். பட்டை எந்தத் திசையில் வளைந்து படகுக்குப் பின்னால் நுழைகிறதோ அதே வளைவில் மூலப்புள்ளியை வைத்து, விளிம்பிலிருந்து உள்ளே நீட்ட வேண்டும். ஹொகுசாயின் பட்டைகள் தாறுமாறாக ஓடுவதில்லை. ஒவ்வொன்றும் அலையின் முதுகைத் தடவிக்கொண்டு போகிறது. இருபுறமும் வெளியே தெரியும் பட்டைகளைப் பார்த்தால், நடுவில் மறைந்திருப்பது எப்படிப் போயிருக்கும் என்பதைக் கையே கண்டுகொள்ளும்.

தாள் அசையக் கூடாது

வெட்டியும் நிரப்பியும் முடித்து, படகை இரண்டு ஃபிரேம்களுக்கு நகர்த்திப் பார்த்தால் ஏதோ சரியில்லை என்று தோன்றும். பெரிதாக்கிப் பார்த்தால் காரணம் தெரியும். இது தாளின் படம். ஜப்பானியக் கைத்தாளின் நார், கட்டையின் மரவரி, நிறம் ஏறாத நுண்புள்ளிகள் எல்லாம் படகின் மஞ்சளுக்குள்ளும் பதிந்திருக்கின்றன. படகை நகர்த்தும்போது நாமறியாமல் தாளையும் நகர்த்துகிறோம். படகு கடலில் ஆடுவதாகத் தெரியாது, தாளிலிருந்து வெட்டிய துண்டு தாளின்மேல் வழுக்குவதாகத்தான் தெரியும். மையும் நிறமும் நகரலாம், தாள் தாளாக நிற்க வேண்டும்.

இதற்குச் செய்தது இரண்டு படிகள். அசையும் லேயர்களில் மட்டும் செலக்டிவ் காஸியன் பிளரை மிகக் குறைந்த அளவில் ஓட்டினால், கோடுகள் கெடாமல் பரப்பின் நார்த்தடம் மட்டும் மழுங்கும். அது முதல் படி. அடுத்து, வானத்தில் எதுவும் வரையப்படாத ஒரு பகுதியைத் தனிக் கோப்பாக எடுத்து, அதன்மேல் அதே பகுதியின் மங்கலாக்கிய நகலை வைத்து, மேல் லேயரின் முறையை, அதாவது அது கீழ் லேயரோடு கலக்கும் விதத்தை, கிரெய்ன் எக்ஸ்ட்ராக்ட் என்று மாற்றினேன். நிறம் முழுவதும் கழிந்து, நடுத்தரச் சாம்பலில் தாளின் நார் மட்டும் மிஞ்சும். அந்தச் சாம்பல் தாளை வேண்டிய அகலத்துக்கு நீட்டி, எல்லா லேயர்களுக்கும் மேலே வைத்து, பிரித்த நாரைத் திரும்பச் சேர்க்கும் கிரெய்ன் மெர்ஜ் முறைக்கு மாற்றி, அசையும் பகுதிகளில் மட்டும் தெரியும்படி மற்ற இடங்களை மறைக்கும் மாஸ்க் போட்டேன். இப்போது படகு நாருக்கு அடியில் நகர்கிறது. அசையாத பகுதிகளில் அசல் தாளின் நார் தொடப்படாமல் இருக்கிறது.

இந்த ஆய்விலிருந்து ஒரே ஒரு உத்தியை மட்டும் எடுத்துக்கொள்வேன் என்று யாராவது சொன்னால் இதைத்தான் கொடுப்பேன். பழைய அச்சுப் படம், பழைய புகைப்படம், சுவரோவியத்தின் படம் என்று எதில் கை வைத்தாலும் பரப்பின் தன்மை பொருளோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

32 ஃபிரேம்கள்

ஃபிரேமுக்கு 100 மில்லிவிநாடி, மொத்தம் 32 ஃபிரேம், ஒரு சுற்றுக்கு 3.2 விநாடி. ஜிஃப் கோப்பில் நேரம் நூறில் ஒரு பங்கு விநாடி என்ற அலகில் பதிவாகிறது. மிகச் சிறிய நேரம் கொடுத்தால் உலாவிகள் அதை மதிக்காமல் தாமே மெதுவாக்கிவிடும். 100 மில்லிவிநாடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடும், பேரலையின் கனத்துக்கும் பொருந்தும்.

படகின் ஏற்றம் சம அளவாக இருக்கக் கூடாது. ஊஞ்சல் உச்சியில் ஒரு கணம் தயங்குவதைப் போல, படகும் மேலே போகப்போக மெதுவாக வேண்டும். சைன் அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 11.25 பாகை என்று கணக்கிட்டால், முதல் படகின் ஏற்றம் 0, 2, 5, 7, 8, 10, 11, 12, 12 என்று வரும். தொடக்கத்தில் இரண்டு மூன்று பிக்சலாகத் தாவியது கடைசி இரண்டு ஃபிரேமில் நின்றேவிடுகிறது. இந்த எண்களைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

சாய்ப்பதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் மூலப் படகு லேயரின் நகலை எடுத்துத்தான் சாய்க்க வேண்டும். சாய்த்ததையே மறுபடி சாய்த்தால், ஒவ்வொரு முறையும் பிக்சல்கள் மறுகணக்கிடப்பட்டு, சில ஃபிரேம்களுக்குள் துடுப்புக்காரர்களின் முகம் கரைந்துவிடும்.

நுரை நுனிகளுக்கு, படத்தை இழுத்து வளைக்கும் வார்ப் டூல். கொக்கிகளை மென்மையாக 10 பிக்சல் அளவுக்கு உள்நோக்கி இழுத்தேன், எல்லாவற்றையும் ஒரே திசையில் இல்லாமல் ஒவ்வொன்றையும் அதன் வளைவின் போக்கில். இந்தக் கருவியிலேயே இழுப்புக்கு இடைப்பட்ட ஃபிரேம்களை உருவாக்கித் தரும் வசதி இருக்கிறது. 17 ஃபிரேம் உருவாக்கி, முன்னோக்கி 1 முதல் 17 வரையும், பின்னோக்கி 16 முதல் 2 வரையும் வைத்தால் சரியாக 32.

புள்ளிகள்தான் அழகான சிக்கல். கீழே விழும் பொருள் திரும்பி மேலே போகாது, ஆனால் சுழற்சி தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். புள்ளிகளின் லேயரை இரண்டு பிரதிகளாக்கினேன். முதல் பிரதி அசல் இடத்தில் தொடங்கி, ஃபிரேமுக்கு 2 பிக்சல் இறங்கி, 64 பிக்சல் தொலைவில் முழுதும் மங்கி மறையும். இரண்டாவது பிரதி 64 பிக்சல் மேலே முழு மறைவில் தொடங்கி, அதே வேகத்தில் இறங்கி, துலங்கிக்கொண்டே வந்து, 33ஆவது ஃபிரேம் என்று ஒன்று இருந்தால் அதில் அசல் இடத்தில் முழுதாக நிற்கும். அதாவது அடுத்த சுற்றின் முதல் ஃபிரேமில் நிற்பது ஹொகுசாய் வைத்த அதே புள்ளிகள். புள்ளிகள் வெளிர் நிறம் என்பதால் நடுவில் இரண்டும் பாதி மங்கலாக இருப்பது கண்ணில் படுவதில்லை. விழும் வேகம் மிக மெதுவானது, பனியின் வேகம்.

ஒவ்வொரு ஃபிரேமையும் அமைத்தபின் ‘நியூ ஃப்ரம் விசிபிள்’ கட்டளையால் கண்ணுக்குத் தெரிவதை ஒற்றை லேயராக்கி, வேறொரு கோப்பில் அடுக்கிக்கொண்டே போக வேண்டும். கிம்ப் ஒவ்வொரு லேயரையும் ஒரு ஃபிரேமாகக் கொள்ளும். அடியில் இருப்பது முதல் ஃபிரேம். லேயரின் பெயரோடு அடைப்புக்குறிக்குள் எழுதும் நேரத்தை அந்த ஃபிரேமின் நேரமாக எடுத்துக்கொள்ளும். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் கிம்ப்பின் நிரல்மொழியான ஸ்கிரிப்ட்ஃபூவில் இதை முடித்துவிடலாம். மாணவர்களுக்கு முதல் முறை கையால் செய்வதே நல்லது என்பது என் கருத்து. எண்கள் அசைவாக மாறுவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

சரிபார்ப்பதற்கு ஓட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. 1ஆம் ஃபிரேமின்மேல் 17ஆம் ஃபிரேமை வைத்து, லேயர் முறையை டிஃபரன்ஸ் என்று மாற்றினால், மாறாத இடமெல்லாம் கருப்பாகும், மாறியது மட்டும் வெளிச்சமாகத் தெரியும். ஃபியூஜி முழுக் கருப்பாக இருக்க வேண்டும். அங்கே ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தாலும் எங்கோ ஒரு லேயர் விலகியிருக்கிறது. அதேபோல் 32க்கும் 1க்கும் உள்ள வேறுபாடு, 1க்கும் 2க்கும் உள்ள வேறுபாட்டை ஒத்திருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் சுழற்சியின் தையல் தெரியும்.

256 நிறங்களுக்குள்

ஜிஃப் 1987இல் பிறந்த வடிவம். அதன் ஒரு வண்ணத்தட்டில் 256 நிறங்களுக்குமேல் இடமில்லை. பேரலையில் நிறங்கள் எண்ணிச் சொல்லக்கூடியவைதான், ஆனால் தாளின் நாரும் வானத்தின் மெல்லிய மங்கலும் சேர்ந்து அவற்றை ஆயிரக்கணக்கான சாயல்களாகப் பெருக்கிவிடுகின்றன. நிறக்குறைப்பின்போது கிம்ப் டிதரிங் முறையை, அதாவது இல்லாத சாயலை இருக்கும் நிறங்களின் புள்ளிகளைக் கலந்து காட்டும் முறையை, கேட்கும். ஃபிளாய்ட் ஸ்டைன்பெர்க் முறை தனிப்படத்துக்கு அழகானது. அசைபடத்தில் அது ஆபத்து. ஒரு பிக்சலின் பிழையை அடுத்த பிக்சலுக்குத் தள்ளிக்கொண்டே போவதால், படகு சற்று நகர்ந்தாலும் அதற்கு அப்பால் அசையாமல் இருக்கும் பரப்பிலும் புள்ளிகள் இடம் மாறி, எறும்பு ஊர்வதாகத் தோன்றும். பொசிஷன்டு என்ற முறையில் புள்ளிகளின் இடம் நிலையாக இருக்கும், ஊரல் நின்றுவிடும்.

நிறங்களின் எண்ணிக்கையை 256 என்று கொடுக்காமல் 255 என்று கொடுக்க வேண்டும். ஓர் இடம் ஒளிபுகும் நிறத்துக்கு வேண்டும். அடுத்த படிக்கு அது அவசியம்.

800க்கு 542 அளவில் 32 ஃபிரேம்கள் என்றால், சுருக்காத நிலையில் பிக்சலுக்கு ஒரு பைட் வீதம் 1 கோடியே 38 லட்சம் பைட்டுக்கு மேல். நிறக்குறைப்பு முடிந்தபின் ‘ஆப்டிமைஸ் ஃபார் ஜிஃப்’ கட்டளையைக் கொடுத்தால், முந்தைய ஃபிரேமிலிருந்து மாறாத பிக்சல்களை எல்லாம் ஒளிபுகும் நிறமாக்கிவிடும். ஒரே நிறம் வரிசையாக வந்தால் ஜிஃப்பின் சுருக்கமுறை அதை மிகச் சிறிதாக மடித்துவிடும். தாளை அசையாமல் நிறுத்தியதன் பலன் இங்கே இன்னொரு முறை கிடைக்கிறது. புள்ளிகள் விழாத வானமும் மலையும் முன்னலையும் பேரலையின் உடலும் ஃபிரேமுக்கு ஃபிரேம் ஒரு பிக்சல்கூட மாறாததால், இரண்டாவது ஃபிரேம் முதல் அவற்றுக்குக் கோப்பில் ஏறக்குறைய இடமே தேவைப்படவில்லை. நாரும் கூடவே நகர்ந்திருந்தால் அசையும் பகுதி ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக எழுதப்பட்டிருக்கும்.

நிறங்களின் நுட்பம் முக்கியம் என்றால் வெப்பி (WebP) என்ற பட வடிவத்தையோ வீடியோவையோ நாடலாம். வகுப்பறைத் திரைக்கு ஜிஃப் போதுமானதாக இருந்தது.

கோப்பை ஏற்றுமதி செய்யும் சாளரத்தில் குறிப்புரைக்கு ஒரு கட்டம் இருக்கும். கிம்ப் அதில் தன் பெயரை இட்டுவைத்திருக்கும். அதை அழித்துவிட்டு, ஓவியரின் பெயர், படத்தின் பெயர், அசல் பிரதியை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் பெயர், இது அசலில் இல்லாத அசைவு சேர்க்கப்பட்ட வடிவம் என்ற வரி ஆகியவற்றை எழுதினேன். உரிமைச் சட்டம் இதைக் கேட்கவில்லை. கோப்பு கைமாறிப் போகும்போது, மூன்றாவது படகின் அடிப்பாகத்தை ஹொகுசாய் வரைந்தார் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. லேயர்கள் பிரிந்தபடியே உள்ள எக்ஸ்சிஎஃப் கோப்பையும் வகுப்பிடம் சேர்த்தே கொடுத்திருக்கிறேன், அந்தச் சேர்க்கை தனி லேயராக, பெயரிடப்பட்டு அதில் இருக்கிறது.